பெட்டிக்குக் கேட்ட உரல் சத்தம்

6.5.2006, சனி
கையெழுத்துக் கோணலுக்கு மன்னிக்கவும். எழுபத்தொரு வயதில் எழுதப் பழகுகிறேன். ஒரு 'ழ' எழுதி முடிப்பதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிடுகிறது. தமிழ்ப் பள்ளியில் பக்கத்தில் இருப்பவளுக்கு ஆறு வயது. அவள் வேகம். றோஸ் ரீச்சர், "ஐயா, திகதியும் நேரமும் போட்டு எழுதுங்கோ" என்றார்.

மகள் கஜேந்தினி நிலவறையில் ஒரு பெட்டியை வைத்துச் சோதிக்கிறாள். நிலம் நடுங்கினால் பதியும். ஐஸ்லாந்தில், உச்சி இடிந்து பெருங்கிண்ணமாகிவிட்ட எரிமலையைச் சுற்றி இப்படி இருபது புதைப்பார்களாம். உருகிய கல்லுக்குள் நடுக்கம் மெதுவாகப் போகுமாம். எந்தப் பெட்டிக்கு எப்போது வந்தது என்று பார்த்து, அடியிலுள்ள குழம்பைப் படமாக்குவார்களாம். குழம்பு என்றதும் எனக்குப் பசித்தது.

8.5, திங்கள், காலை 10.10
மனைவி யோகாம்பாள் கடைக்குப் போனாள். நிலவறையில் இரும்பு உரலில் சம்பல் இடித்தேன். குடற்புண்ணுக்குச் செத்தல் மிளகாய் ஆகாது என்று டொக்டர் சொன்னவர். மிளகாய் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

9.5, 10.25
இன்றும்.

10.5
யோகாம்பாள் எங்கும் போகவில்லை. கஞ்சி.

11.5, 10.15
பேக்கரிப் பாணும் சம்பலும். சொர்க்கம்.

12.5, வெள்ளி
கஜேந்தினி முகம் தொங்க வந்தாள். "பெட்டி பிழை அப்பா. மூண்டு நாள் காலமை கோடு சும்மா குதிக்குது. ஒண்டு பொய் சொன்னாலும் படம் பிழைச்சுப் போகும். வேறை பெட்டி இல்லை. இது இல்லாட்டி நானும் போகேலாது."

இரண்டு வருசம் உழைத்தவள். அது மலைக்குத்தானே காது — உரலுக்குமா? சொன்னால் யோகாம்பாள் விடுவாளா? உரலைச் சாக்கால் மூடி வைத்தேன். சீ.

13.5, சனி
வாயால் சொல்ல வெட்கம். இந்தக் கொப்பியை மகளின் மேசையில் வைத்தேன். அவள் கணினிக் கோடுகளோடு ஒப்பிட்டாள். 10.10. 10.25. 10.15. புதன்கிழமை அமைதி.

"அப்பா! பெட்டியும் சரி, கொப்பியும் சரி. வயிறுதான் பிழை!"

யோகாம்பாள் சிரிக்கவில்லை. "நல்லா எழுதப் பழகினியள். இனிக் களவும் செய்யேலாது." உரல் இப்போது அவளுடைய கட்டிலுக்குக் கீழே.

பெட்டியின் மூடியில் என்னைக் கொண்டே பெயர் எழுத வைத்தாள் மகள். 'உரல்'. மூன்று எழுத்துக்குப் பத்து நிமிடம்.

10.6, சனி, மாலை 5.40
ஐஸ்லாந்திலிருந்து கஜேந்தினி ரெலிபோனில் கதைத்தாள். 'உரல்' கிண்ணத்தின் விளிம்பில் புதைந்திருக்கிறது. நேற்றுச் சிறு நடுக்கம் ஒன்று, கணக்குப் போட்ட நேரத்தைவிடப் பிந்தியே அதற்கு வந்து சேர்ந்ததாம். "கீழை ஏதோ இருக்கு அப்பா. இஞ்சை ஒருத்தரும் சம்பல் இடிக்கேல்லை."

என் கோணல் எழுத்து எரிமலைக்கு மேல்!

வருகிற சனிக்கிழமை திரும்பக் கதைப்பாள். உரலுக்கு வேறென்ன கேட்டதென்று எழுதுவேன். நேரமும் போட்டு.