இன்னும் ஒரு தடவை பார்க்க வேண்டிய கார்

ஜூன் 3, செவ்வாய்

மழை வரும் போலிருந்தது, வரவில்லை. ஒரு ஆம்னி வேனுக்கு பிரேக் ஷூ மாற்றிக்கொண்டிருந்தபோது சங்கராபுரம் கால்நடை டாக்டரம்மா ஜெயசுதா பட்டறைக்கு வந்தார். அவர்கள் ஆஸ்பத்திரி ஜீப் என்னிடம்தான் வேலைக்கு வரும். இன்று ஜீப்பில் வரவில்லை, தன் ஸ்கூட்டரில் வந்தார். போனில் ஒரு போட்டோவைக் காட்டினார். சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு கதவு, இரண்டே சீட்டு, கூரை மடங்கிப் பின்னால் போய்விடும். வடக்கனந்தலில் பிரவீன்குமார் என்பவர் வீட்டுக்கு மாடு பார்க்கப் போன இடத்தில் கண்டாராம். அவர் விற்கப் போகிறாராம்.

"ரெண்டு சீட்டு வண்டிய வெச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க டாக்டரம்மா?"

"அத ஊரே கேக்கப் போவுது. நீங்களாவது கேக்காதீங்க தமிழரசன். வாங்கலாமா வேணாமான்னு பாத்துச் சொல்லுங்க, போதும்."

தம்பி தங்கைகளைக் கரையேற்றியதில் தன் கல்யாணத்தைக் கோட்டை விட்டவர் என்று ஜீப் டிரைவர் சொல்லியிருக்கிறார். நாற்பது தாண்டிய ஒருவர் தன் ஆசையை இப்படிக் கூசாமல் சொல்லி நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

வடக்கனந்தல் போய் வந்தோம். அவர் ஸ்கூட்டரில், நான் பைக்கில்.

இந்த மாதிரி வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஓட்டின ஆளைத்தான். விரட்டியிருப்பான், எங்காவது முட்டியிருப்பான். கதவு இடுக்குகளைப் பார்த்தேன், எல்லாம் ஒரே அளவு. பெயின்ட்டில் ஒட்டுவேலை இல்லை. டயர் நான்கும் சீராகத் தேய்ந்திருந்தன. ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. பெங்களூரில் ஒருவர் ஆசையாக வைத்திருந்த வண்டி, வாங்கி வந்து ஷெட்டிலேயே நிறுத்தியிருக்கிறேன் என்றார் பிரவீன்குமார்.

"எப்படி இருக்குது?" என்றார் டாக்டரம்மா.

நல்ல வண்டி, வாங்கிக்குங்க என்று சொல்லியிருக்கலாம். வாய் வேறு சொன்னது. "இஞ்சின் ஆறிக் கெடக்கும்போது இன்னும் ஒரு தடவ பாக்கணும்."

திரும்பும் வழியில் டீ குடித்தோம். வயிற்றில் கன்று குறுக்கே கிடந்த ஒரு பசுவைப் பற்றிச் சொன்னார். கன்றைத் திருப்பி எடுத்து நிமிர்ந்தால், மாட்டுக்காரர் மயங்கிக் கிடந்தாராம். முதல் ஊசி அவருக்குத்தானாம். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் மனைவி கமலா இறந்த பிறகு நான் கடையில் உட்கார்ந்து டீ குடித்ததில்லை. பார்சல்தான்.

ஜூன் 9, திங்கள்

ஆறின இஞ்சினைப் பார்ப்பது நியாயமான காரணம்தான். யாரிடம் நியாயம் பேசிக்கொண்டிருக்கிறேன்?

ஜூன் 15, ஞாயிறு

சாவியைத் திருப்பியதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. நீலப் புகை இல்லை, டொக் டொக் சத்தம் இல்லை. அவருக்கு முகம் மலர்ந்தது. எனக்கு அடுத்த ஞாயிறுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

ஊருக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்டீயரிங் இடது பக்கம் இழுக்குதோன்னு ஒரு சந்தேகம்" என்றேன். இழுக்கவில்லை. ரோடுதான் அந்தப் பக்கம் சரிந்திருக்கிறது. அடுத்த ஞாயிறு பார்த்துவிடலாம் என்றேன். சரி என்றார். அதே டீக்கடை. இன்று அவரே பஜ்ஜி சொன்னார்.

ஜூன் 19, வியாழன்

என் அக்கா அமிர்தம் குழம்பு கொண்டுவந்தது. கொடியில் தொங்கிய வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டது.

"இஸ்திரி போட்ட சட்டையோட காருக்கு அடியில படுக்கிற மொத ஆளு நீதாண்டா. அந்த டாக்டரம்மா உன்ன அண்ணேன்னு கூப்புடறாங்களா?"

"பேர் சொல்லித்தான் கூப்புடறாங்க."

"அப்ப சரி" என்று பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டது. என்ன சரி?

ஜூன் 22, ஞாயிறு

வண்டிக்கு அடியில் வெகுநேரம் படுத்திருந்தேன். பார்க்க ஒன்றுமில்லை. சஸ்பென்ஷன் ரப்பர் புஷ் எல்லாம் புதுசு மாதிரி இருந்தது. வெளியே வந்து, "புஷ் கொஞ்சம் வீக்கா தெரியுது" என்றேன்.

பிரவீன்குமாருக்குப் பொறுமை போய்விட்டது. "ஏங்க, நீங்க கார் பாக்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா? வாரம் ஒரு நோவு சொல்றீங்க. வர்ற ஞாயித்துக்கெழம சாயங்காலம் சேலத்துலேந்து பார்ட்டி வருது. அதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க."

டாக்டரம்மா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது சுட்டது. கல்வராயன் மலை பக்கத்திலேயே இருக்கிறது. ஏற்றத்தில் ஒருமுறை ஓட்டிவிட்டால் சோதனை முடிந்துவிடும். அதனால்தான் மலையைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வருகிறேன்.

ஜூன் 26, வியாழன்

டாக்டரம்மா போன் செய்தார். "நீங்க இவ்ளோ யோசிக்கிறீங்கன்னா அதுல ஏதோ இருக்குது. எனக்குக் குடுத்து வெக்கல, விட்டுடறேன் தமிழரசன்." குரல் இறங்கிப்போயிருந்தது.

இன்னா ஜென்மம் நான்? அவங்க வேணும்னு கேட்டது வாழ்க்கையிலேயே இது ஒண்ணுதான். அதையும் நான் பேசிப் பேசிக் கெடுத்துக்கினு நிக்கிறேன். என் சுயநலத்துக்கு அவங்க ஆசையா கெடைச்சுது? சோறு இறங்கல.

ஜூன் 27, வெள்ளி

சொல்லிவிட்டேன். வண்டி நல்ல வண்டி, மலையில் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். நீங்களும் கூட வாருங்கள் என்றார். கடைசி ஞாயிறு.

ஜூன் 29, ஞாயிறு

கூரையை மடக்கிவிட்டு அவரே ஓட்டினார். கோமுகி அணை தாண்டி மலை ஏறும் வரை ராணி மாதிரி போனது வண்டி. செங்குத்தான ஒரு வளைவில் இஞ்சின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. கருகல் நாற்றம். கிளட்ச் போய்விட்டது.

ஓரமாக நிறுத்தினோம். இந்த வண்டி உண்மையில் எங்கே ஓடியது என்று துருவ ஆரம்பித்தேன். சீட்டுக்குப் பின்னால் கூரைத் தண்ணீர் வடியும் ஓட்டைக்குள் விரலை விட்டேன். காய்ந்த ரோஜா இதழ், மல்லிகை, ஜிகினாத் தூள், மஞ்சள் அரிசி. பிரவீன்குமாருக்குப் போன் போட்டேன். முதலில் மழுப்பினார். அப்புறம் ஒப்புக்கொண்டார். இரண்டு வருஷமாக மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விட்ட வண்டி. பேண்டு செட்டுக்குப் பின்னால் ஆமை வேகத்தில், கிளட்ச்சைப் பாதி மிதித்தபடியே ஊர் ஊராக ஊர்வலம். விரட்டி ஓட்டினவனைத் தேடினேன். இதை ஒருத்தனும் விரட்டியதே இல்லை. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு மூன்றாவது கியரில் கிளட்ச்சை விட்டு இஞ்சின் அணைகிறதா என்று பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். இல்லாத நோவைத் தேடியதில் இருந்த நோவைப் பார்க்காமல் விட்டேன்.

இனி மறைக்க முடியாது. "ஸ்டீயரிங் இழுக்கல டாக்டரம்மா. புஷ்ஷும் போவல. காரை வாங்கிட்டா அப்புறம் நீங்க வர மாட்டீங்களேன்னு…"

அவர் ரோட்டோர மதகின்மேல் உட்கார்ந்து கீழே அணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம்தான்.

"மாட்டுச் சந்தையில எத்தினியோ பேரப் பாத்திருக்கேன். விக்கத்தான் பொய் சொல்லுவாங்க. வாங்க விடாம பொய் சொன்ன ஆள இப்பத்தான் பாக்கறேன்."

தலையைக் குனிந்துகொண்டேன்.

"கிளச்ச மாத்தினா ஓடுமா?"

"ஓடும்."

"இது உண்மதானே?"

"உண்ம."

"அப்ப மாத்துங்க. இனிமே எங்கிட்ட பொய் வேணாம். ஒண்ணு வேணும்னா வேணும்னு கேளுங்க. நான் கார் கேட்டேன் இல்ல, அந்த மாதிரி."

ஜூலை 6, ஞாயிறு

கிளட்ச் செலவைப் பிரவீன்குமார் ஏற்றுக்கொண்டார். சேலத்துப் பார்ட்டியிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டாராம், அவர்கள் வரவில்லை. வண்டி என் பட்டறையில் நிற்கிறது. டாக்டரம்மா வரவில்லை. போனும் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

வேலை முடிந்தது. டாக்டரம்மா வந்தார். இருவருமாக வெள்ளிமலை வரை போய் வந்தோம். எந்த வளைவிலும் வண்டி மூச்சு வாங்கவில்லை. இறக்கத்தில் அவர் ஏதோ பாட்டு முணுமுணுத்தார். பேர் மாற்ற எழுதிக்கொடுத்தாயிற்று. கார் இனி அவருடையது.

சாவியைக் கொடுத்தேன். "அடுத்த ஞாயித்துக்கெழமையும் வாங்க. வண்டியில பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு நீங்க வரணும்."

காரில் ஏறிக் கிளம்பிவிட்டார். நான் சொல்லியிருக்கக் கூடாதோ? இல்லை, சொன்னது சொன்னதுதான். உண்மை.

ஜூலை 19, சனி

பட்டறையைக் கூட்டினேன். இரண்டு தடவை.

ஜூலை 20, ஞாயிறு

ஸ்கூட்டரில் வந்தார். கார் எங்கே என்று கேட்டேன். வீட்டில் சும்மா நிற்கிறது, அதற்கென்ன என்றார். அக்கா மீன் குழம்பு வைத்திருந்தது. சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் போனார்.