மழை வந்தால் அறுகிற லைன்

ரவுட்டரில் மறுபடியும் சிவப்பு விளக்கு வந்துவிட்டது, ராத்தா.

மூன்று நாளாக மழை விடவில்லை. இன்று காலை வெளிநாட்டுப் பிள்ளைகள் ஆறு பேருக்கு இணையத்தில் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 'ஞ' எழுதிக் காட்டும்போது திரை நின்றுபோனது. ஆறு சின்ன முகங்களும் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றன. கொஞ்ச நேரத்தில் அவையும் போய்விட்டன. கைபேசியில் முறைப்பாட்டு எண்ணுக்கு எடுத்தேன். நெடுநேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண்பிள்ளை வந்து, "ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பார்த்தீங்களா மிஸ்?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை, பார்த்தனான்."

எத்தனை வருடமாக இதே கேள்வி, இதே பதில். அலுத்துப்போய்க் கதிரையில் சாய்ந்து அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழை நேரத்தில் அந்த விளக்குக்கு முன்னால் என்னோடு சேர்ந்து உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில் மட்டும். கிண்ணியாவிலிருந்து கலியாணம் முடித்து இந்தத் துறைமுக ஒழுங்கைக்கு வந்தவர் நீங்கள். உங்கள் ஆட்கள் மூத்த சகோதரியைக் கூப்பிடுவதுபோல நானும் உங்களை ராத்தா என்றேன். உங்கள் மகள் ரிஸ்னா என்னிடம் படித்தவள் என்பதால் நீங்கள் கடைசிவரை என்னை டீச்சர் என்றே கூப்பிட்டீர்கள். உங்கள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் இறந்துபோன பிறகு, ஒருவர் வீட்டில் காலையில் கதவு திறக்காவிட்டால் மற்றவர் மதிலில் தட்டுவது என்று வைத்துக்கொண்டோம்.

ரிஸ்னாவைப் பற்றி மட்டும் நாம் கதைப்பதில்லை. படிக்க லண்டனுக்குப் போனவள் அங்கேயே தனக்குப் பிடித்த ஒருவரைக் கலியாணம் முடித்தாள். செய்தி வந்த அன்று அவளிடம், "எனக்கு மகள் எண்டு ஒருத்தி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தீர்கள். அதன்பிறகு ஆறு வருடம். அந்தப் பெயரை நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நான் பேசாமல் இருந்தது மரியாதை என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் வெறும் பயம்தான்.

பிறகு ஒரு நாள் அவள் எனக்கு எழுதினாள். 'டீச்சர், எனக்கு மகன் பிறந்திருக்கான். உம்மாவுக்குக் காட்டோணும்.' மதிலடிக்கு வந்து அதை உங்களுக்கு வாசித்தேன். நீங்கள் கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தீர்கள். கை நிற்கவில்லை. கடைசித் துணியையும் எடுத்து மடித்த பிறகு, என்னைப் பார்க்காமலே கேட்டீர்கள்: "எத்தன மணிக்கு எடுப்பாளாம்?"

உங்களிடம் இருந்தது பொத்தான் அழுத்துகிற சின்னப் போன். அதனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் என் வீட்டுக்கு வந்தீர்கள். நல்ல சாரி உடுத்து, முக்காட்டை இரண்டு முறை சரிசெய்துகொண்டு என் கணினிக்கு முன்னால் இருந்தீர்கள். துறைமுகப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ரிஸ்னாவின் முகம் வந்தது. பிறகு அந்தக் குழந்தையின் முகம். நீங்கள் திரைக்குக் கிட்டக் குனிந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்.

"மகள், நான் உன்ன அப்பிடிச் சொல்லியிருக்கப்படாது. பிழை என்ட பக்கம்."

அதே நேரம் மழை கூரையில் கொட்டியது. ரிஸ்னாவின் முகம் அப்படியே நின்றது. ரவுட்டரில் சிவப்பு.

"அவளுக்குக் கேட்டிச்சா டீச்சர்?"

"தெரியாது, ராத்தா."

மலைச் சரிவுக்குக் கீழே இருக்கிற நம் ஒழுங்கையில் கைபேசியில் குரல் வரும், படம் வராது. "என்ர போனில எடுத்துத் தாறன், சொல்லுங்கோ" என்றேன். மறுத்துவிட்டீர்கள். "மொகம் பார்க்காம அத ரெண்டாந்தரம் சொல்ல எனக்கு ஏலா." அவளுக்கு எழுதிக் கேட்கட்டுமா என்றேன். அதற்கும் வேண்டாம் என்றீர்கள். "அது நான் சொல்ல வேண்டியது. நீங்க லைன் பழுது எண்டு மட்டும் எழுதுங்க." அப்படியே எழுதினேன்.

அதன்பிறகு மூன்று கிழமை. மழை பெய்தால் லைன் போகும். முறைப்பாடு செய்வேன். மழை விட்டு வெயில் எறிக்கும்போது, நரைத்த மீசையோடு கம்பனி லைன்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார். விளக்கு பச்சையாக இருக்கும். "இப்ப லைன் நல்லாத்தானே இருக்கு, மிஸ்? பிழை இருந்தாத்தானே நான் பிடிக்கலாம்?" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். இரண்டு தரம் அப்படி நடந்தது. எனக்கு வெறுத்துவிட்டது. லைனை வெட்டச் சொல்லிவிடுவோமா என்றுகூட உங்களிடம் சொன்னேன்.

நீங்கள்தான் விடவில்லை. அடுத்த மழைக்குக் குடையோடு வந்து, நான் பல நாளாகத் தொடாத வீட்டுத் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தீர்கள். "மீன் பொரிக்கிற மாதிரி இரையுது. உங்கட ரவுட்டரில பிழை இல்ல, வயரிலதான்." பிறகு வெளியே போய்த் தெருத் தூணிலிருந்து வருகிற வயரைக் கண்ணால் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்துக்குக் கீழே நின்றீர்கள். வாடைக்காற்றுச் சாரல் உங்கள் தோளை நனைத்தது. நம் ஊர்த் தெருக்களில் திரிகிற மான்களில் ஒன்று மழைக்கு ஒதுங்கிக் கேற்றடியில் நின்று உங்களையே பார்த்தது. உள்ளே வாருங்கள் என்று எத்தனையோ தரம் கூப்பிட்டேன்.

"பொறுங்க டீச்சர். நல்லா இருக்கிற நேரம் பார்த்து ஒண்டும் விளங்காது. கெட்டுப்போற நேரம் கிட்ட நிண்டு பார்க்கோணும்."

அரைமணி நேரம் கழித்துச் சொன்னீர்கள். வயர் மேலிருந்து நேராக இறங்கிச் சுவரில் உள்ள வெள்ளைப் பெட்டிக்குள் போகிறது. தண்ணீரும் அதன் மேலாலேயே வழிந்து உள்ளே போகிறது.

மூன்றாம் தரம் அந்த மனிதர் வந்தபோதும் நல்ல வெயில். பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு அவர் கையெழுத்துப் புத்தகத்தை எடுத்தார். நீங்கள் என் குசினிக்குள் போய் ஒரு வாளித் தண்ணீரோடு வந்தீர்கள்.

"மழை இல்லாம உங்களுக்கு விளங்காது எண்டா, மழையக் கொண்டுவந்திருக்கன். டீச்சர், நீங்க உள்ளுக்குப் போய் விளக்கப் பாருங்க."

சாப்பாட்டு மேசைக் கதிரையைப் போட்டு ஏறினீர்கள். அறுபது வயதில். அவர் பதறிப்போய்க் கதிரையைப் பிடித்துக்கொண்டார். கோப்பையால் அள்ளி அள்ளி வயரில் ஊற்றுகிற சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. பச்சை. பச்சை. பிறகு மினுங்கியது. பிறகு சிவப்பு.

"போயிட்டுது!" என்று கத்தினேன். "ராத்தா, லைன் போயிட்டுது!" லைன் போனதற்கு அவ்வளவு சந்தோசப்பட்ட ஆள் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். பெட்டியைத் திறந்தால் உள்ளே வயர் இணைப்பு பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது. அதை வெட்டிப் புதிதாக இணைத்தார். வயரைப் பெட்டிக்குக் கீழே தொங்குகிற மாதிரி ஒரு வளைவு வளைத்து, அங்கிருந்து மேலே ஏற்றி உள்ளே விட்டார். இனித் தண்ணீர் வளைவிலேயே சொட்டிப் போய்விடும். நீங்கள் நம்பவில்லை. இரண்டாவது வாளியையும் ஊற்றிப் பார்த்துத்தான் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தீர்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நல்ல மழை. லைன் அறவில்லை. ரிஸ்னாவின் முகம் வந்ததும் ஸலாம், சுகம் விசாரிப்பு ஒன்றும் இல்லாமல், மனப்பாடம் செய்த பிள்ளைபோல அதே வார்த்தைகளை மறுபடி சொன்னீர்கள்.

"உம்மா, அண்டைக்கே கேட்டது," என்றாள் அவள். "நான் சொன்னதுதான் உங்களுக்கு வரல்ல போல."

"நீ என்ன சொன்னாய்?"

"ஒண்டும் சொல்லல்ல. அழுதனான்."

நீங்கள் சிரித்தீர்கள். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் புள்ளையக் கொஞ்சம் கிட்டக் காட்டு" என்றீர்கள். நான் எழுந்து குசினிக்குள் போய்விட்டேன். பிறகு, உங்களுக்கும் எட்டட்டும் என்று ரவுட்டரை உங்கள் வீட்டுப் பக்கத்து யன்னலடிக்கு மாற்றினேன். உங்களுக்குப் பெரிய போன் ஒன்றை ரிஸ்னா அனுப்பினாள். இரண்டு வருடம் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் சிரிப்பும், தூரத்துக் குழந்தையின் மழலையும் எனக்குக் கேட்டன.

இன்று அந்த வளைவைப் போய்ப் பார்த்தேன். அப்படியே இருக்கிறது, தண்ணீர் அதில் ஒழுங்காகச் சொட்டுகிறது. பிழை வேறெங்கோ. கதிரையில் ஏறித் தேட எனக்குத் தெம்பில்லை.

நீங்கள் போனதும் ஒரு மழை நாளில்தான். காலையில் மதிலில் தட்டினேன், பதில் இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மதியத்துக்கு முன் உங்களை ஜனாஸாவாகத் திருப்பிக் கொண்டுவந்தோம். அன்றைக்கே அடக்கம். லண்டனிலிருந்து எவராலும் அதற்குள் வர ஏலாது. பார்க்கவேண்டும் என்று ரிஸ்னா கேட்டதால், உங்கள் போனை நான் பிடித்துக்கொண்டு உங்கள் தலைமாட்டில் நின்றேன். பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். வெளியே ஒரே இரைச்சலாக மழை. இப்போது அறுந்துவிடும், இப்போது அறுந்துவிடும் என்று ஒவ்வொரு நிமிடமும் பயந்தேன். அறவில்லை. குடைகளின் கீழே உங்களை ஒழுங்கை முனைவரைக்கும் கொண்டுபோனதை, நான் வாசலில் நின்று காட்ட, அவள் முழுதாகப் பார்த்தாள்.

ஆட்கள் கலைந்த பிறகு, போனை வைக்கலாம் என்று நினைத்து, "சரி மகள்..." என்று தொடங்கினேன்.

"டீச்சர், வைக்காதீங்க."

வைக்கவில்லை. உங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தேன். அவள் அழுதாள், ஓய்ந்தாள். எழும்பிப் போய் மகனுக்குச் சாப்பாடு கொடுத்தாள். திரையில் ஒரு வெறும் கதிரையைப் பார்த்தபடி நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இடையிடையே வந்து நான் இருக்கிறேனா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கை உளைந்தது, மற்றக் கைக்கு மாற்றினேன். ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் நாங்கள் இரண்டு பேரும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. கடைசியில் அவளே வந்து, "இப்ப வைங்க, டீச்சர்," என்றாள். அப்போதும் என் விரல் அந்தப் பொத்தானுக்குப் போகவில்லை. அவள்தான் வைத்தாள்.

அன்றிலிருந்து எனக்கு இது பழகிவிட்டது, ராத்தா. யார் எடுத்தாலும், கதை முடிந்தாலும், நான் முதலில் வைப்பதில்லை. மற்றப் பக்கம் அடங்கும்வரைக்கும் காதில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.