உப்புத் தண்ணீருக்குச் சம்மதித்தவருக்கு

அண்ணா, இன்று காலை சேற்றிலிருந்து கரையேறியபோது என் புடவையெல்லாம் அழுகின முட்டை நாற்றம். பறவைகளுக்காகப் போட்ட கரையை வெட்டிவிட்டார்கள். பல வருடம் அடைபட்டுக் கிடந்த சேறு இப்போதுதான் கடல் ஓதத்தில் கலைகிறது. குளித்தும் போகவில்லை. உங்கள் நினைப்பு வந்தது.

வெயில் காலத்திலும் பறவைகளுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும் என்று கடலோடு சேர்ந்த நம் ஏரியின் ஓரத்தைக் கரை போட்டு மறித்தார்கள். கடல் தண்ணீர் ஏறி இறங்குவது நின்றது. உப்பில் வளரும் உமரிச் செடி செத்து, நன்னீர்ச் சம்புப் புல் மண்டியது. பின்னால் பறவைகளும் குறைந்தன. பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு சேற்றைத் தடவி இறால் பிடித்த நாங்கள் வெறும் பறியோடு திரும்பினோம். என் வீட்டுக்காரர் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கூலி வேலைக்குப் போனார். கரைக்கு அந்தப் பக்கம் இருந்த உங்கள் வயல்களில் மட்டும் உப்பு ஏறவில்லை; நெல் நன்றாக விளைந்தது.

அதனால் கரையை வெட்டுவது பற்றிப் பேச அதிகாரிகள் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டபோது உங்கள் ஊரே கூடாது என்றது. பேச எழுந்த என்னைச் சத்தம் போட்டு உட்கார வைத்தார்கள். அப்போது நீங்கள் எழுந்தீர்கள். அதுவரை நாம் பேசிக்கொண்டதுகூட இல்லை.

"வெட்டுங்க. தண்ணி ஏறி இறங்குனாதான் அவங்களுக்குப் பொழப்பு. எங்க வயலுக்குக் கிட்ட வேற கரை போட்டுக் குடுங்க."

"உப்பு ஏறிடுச்சுனா இன்னா பண்ணுவ?" என்று கேட்டார் உங்கள் தம்பி.

"அதுக்குத்தான் கரை கேக்கறேன்."

அதிகாரிகள் இரண்டுக்கும் சரி என்றார்கள். தம்பி அன்றோடு உங்களிடம் பேச்சை நிறுத்திவிட்டார். ஒருநாள் பேருந்துக்காக நின்றபோது, "வருத்தமா இருக்காண்ணா?" என்று கேட்டேன்.

"இருக்கும்மா. அவன் புள்ளைங்களும் வீட்டுக்கு வர்றதில்ல," என்றீர்கள்.

மழைக்காலத்தில் நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள். கொள்ளி வைத்தது அந்தத் தம்பிதான். கரையை வெட்டியது அதற்கப்புறம்.

தண்ணீர் வருகிறது. அங்கங்கே உமரி துளிர்த்திருக்கிறது. இறாலும் கொஞ்சம் தட்டுப்படுகிறது. ஆனால் வயலுக்கான கரை மட்டும் வரவில்லை. போன பௌர்ணமி ஓதத்தில் உங்கள் கீழ்வயலில் உப்புத் தண்ணீர் ஏறிப் பயிர் கருகிவிட்டது. வரப்பில் நின்றிருந்த அண்ணியின் பக்கத்தில் போய் நின்றேன்.

"எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு அவரு போயிட்டாரு," என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து அந்த அதிகாரிகளின் அலுவலகத்துக்கு அலைகிறேன். ஒருமுறை கரைக்கு மண் எடுக்க அனுமதி வரவில்லை என்றார்கள். இன்னொரு முறை அதிகாரி மாறிவிட்டார் என்றார்கள். இறால் பிடிக்கிற நேரமெல்லாம் பேருந்தில் போகிறது. "நமக்குத்தான் தண்ணி வந்துடுச்சே, இன்னும் இன்னாத்துக்கு அலையற?" என்று எங்கள் பெண்களே கேட்கிறார்கள்.

நாளைக்கும் போகிறேன், அண்ணா. அன்று நீங்கள் கேட்டது இரண்டு. எங்களுக்காகக் கேட்டது நடந்துவிட்டது. உங்களுக்காகக் கேட்டதை இப்போது நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.