மாட்டிடம் சொன்னது

அரிமளம்
19-3-1961

அன்பு மகள் உண்ணாமலைக்கு,

இல்லை, நான் அவளை அடிக்கவில்லை. கை ஓங்கவும் இல்லை. சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. அண்ணனுக்கு எழுதியதில் நீ வரிசையாகக் கேட்டிருந்த எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் உன் அண்ணி செவந்தி வீட்டைவிட்டுப் போனது என்னால்தான். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன், இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகிறது, அண்ணன் நாகராசு சொசைட்டிக்குப் போய் வருகிறான், பேச்சுதான் குறைந்திருக்கிறது. உனக்குச் சளி விட்டதா. ஹாஸ்டலில் ஜன்னலுக்கு நேரே படுக்காதே.

பொங்கலுக்கு வந்திருந்தபோது மூன்று நாள் நோட்டும் கையுமாக எங்களைக் கேள்வி கேட்டாய். உன் சமூக சேவைப் படிப்புக்கு ஒரு குடும்பத்தை ஆராய்ந்து எழுத வேண்டும், நம் வீட்டையே எழுதுகிறேன் என்றாய். இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் பெயர்த்து எனக்கும் அனுப்பினாய். பதினோரு பக்கம். போன வாரம் மறுபடி எடுத்துப் படித்தேன். ‘இந்தக் குடும்பத்தில் வாய்ச்சண்டை கிடையாது, ஒருவரை ஒருவர் கடிந்து பேசி நான் கேட்டதில்லை’ என்று எழுதியிருக்கிறாய். அதற்கு அடுத்த வரி, ‘தாயார் கால்நடைகளிடம் பிள்ளைகளிடம் பேசுவதுபோலப் பேசுவார்.’ அந்த வரியை உங்கள் டீச்சர் வகுப்பில் வாசித்துக் காட்டினார்கள் என்று சொல்லியிருந்தாய். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

உண்ணாமலை, நான் மாட்டிடம் பேசியது மாட்டுக்கு இல்லை. குழம்பில் உப்புக் கூடிப்போனால் செவலையிடம் போய், ஒனக்கென்ன ஆத்தா, கழனித்தண்ணியில யாரு உப்புப் பாக்கப் போறா என்பேன். மறுநாள் உப்பு சரியாக இருக்கும். செவந்தி எழுந்திருக்க நேரமானால், நீயாச்சும் வெள்ளன எந்திரிச்சுட்டியே என்று அதன் கழுத்தைத் தடவிக் கொடுப்பேன். நான்கு வருஷமாக இப்படித்தான். உன் அப்பத்தா எனக்குச் சொல்ல வேண்டியதைக் கோழியிடம் சொல்வார். நான் அங்கேதான் படித்துக்கொண்டேன். இதில் ஒரு வசதி உண்டு. யாராவது கேட்டால் மாட்டைத்தானே சொன்னேன் என்றுவிடலாம். கேட்டுக்கொண்டிருப்பவள் பதில் சொல்ல முடியாது. சொன்னால், மாட்டைச் சொன்னால் உனக்கேன் சுடுகிறது என்று ஆகிவிடும். நீ இந்த வீட்டில் இருபது வருஷம் வளர்ந்தவள். உனக்கு இது தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. உன்னிடம் சொல்ல வேண்டியதை உன்னிடமே சொன்னேன், சத்தம் போட்டேன், விளக்குமாற்றை எடுத்தேன். மாட்டுப் பேச்சு உனக்கு மாட்டுப் பேச்சாகவே இருந்தது. யாருக்காகச் சொல்லப்படுகிறதோ அவள் ஒருத்திக்குத்தான் அது கேட்கும். செவந்தியைப் பற்றி உன் பதினோரு பக்கத்தில் ஒன்றரை வரி இருக்கிறது. ‘மருமகள், வயது இருபத்திரண்டு. அடக்கமானவர், அதிகம் பேசமாட்டார்.’ அவள் யாரிடம் பேசுவாள். மாடும் என்னுடையது.

அவள் அந்நியம் இல்லை. என் கூடப்பிறந்தவன் மகள். நான் கந்தர்வக்கோட்டைக்குப் போனால் என் முந்தானையை விடாமல் திரிந்தவள். செவந்தி, இங்க வாடி என்று எத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறேன். மருமகளாக வந்த பிறகு அந்தப் பெயர் என் வாயில் வரவே இல்லை. ஏன் என்று யோசித்தேன். பயமாக இருக்கலாம். நேராகச் சொன்னால் நேராகப் பதில் வரும்.

மாசி கடைசியில் ஒரு நாள் நெல் அவித்துக் காயப்போட்டிருந்தோம். மத்தியானம் அவள் உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். நான் ஒருத்தியே வெயிலில் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தேன். கோபம் வந்தது. செவலையிடம் போனேன். என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுதுகிறேன், கூட்டவில்லை, குறைக்கவில்லை. “நாலு வருசமாத் தீனி போட்டாச்சு. படுக்கத்தான் தெரியுது. ஒரு கன்னுக்குட்டிக்கு வழியில்ல. சந்தையில தள்ளிட்டு வேற ஒண்ணு ஓட்டிக்கிட்டு வரவேண்டியதுதான்.” செவலை மூன்று கன்று போட்ட மாடு. நான்கு வருஷக் கணக்கு அதற்குப் பொருந்தாது. இரண்டு தடவை கரு தங்காமல் போய் உள்ளே படுத்திருந்தவளுக்குத்தான் பொருந்தும்.

அவள் எழுந்து வந்தாள். நெல்லைக் கடைசி வரை துழாவிவிட்டாள். தொட்டியில் தண்ணீர் நிரப்பினாள். பிறகு காணோம். ஒரு மஞ்சள் பையோடு மூன்று மணி பஸ்ஸில் ஏறியதைப் பக்கத்து வீட்டு முனியாயி பார்த்திருக்கிறாள். அப்பா வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, வெயிலா இருக்கே, கொடை எடுத்துக்கிட்டாளா என்று மட்டும் கேட்டார். நாகராசு, அவளை என்னம்மா சொன்ன என்றான். அவள ஒண்ணும் சொல்லலையேப்பா என்றேன். அவன் நம்பினான். அதுதான் இதில் உள்ள கேடு. நான் பொய் சொல்லவில்லை.

நீ அண்ணனுக்கு எழுதிய கடிதத்தை அவன் என்னிடம் காட்டினான். அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்தால் செவந்திக்கு மூச்சு முட்டும், புதுக்கோட்டையில் தனிக்குடித்தனம் பார் என்று எழுதியிருந்தாய். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேரே கொட்டிலுக்குப் போய், படிக்க வச்சா வீட்டப் பிரிக்கச் சொல்லுதுடி என்று ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டேன். வீட்டில் யாரும் இல்லை. கேட்பதற்கு ஆள் இல்லாமல் அந்தப் பேச்சு எதற்கு என்று தெரியவில்லை. செவலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வைக்கோலை இழுத்தது. போன செவ்வாய்க்கிழமை கந்தர்வக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

பிறந்த வீட்டுக்குத்தான் போகிறேன், ஆனால் வாசலில் கால் வைக்கக் கூச்சமாக இருந்தது. முந்திரி சீசன். செவந்தி வாசலில் உட்கார்ந்து பழத்திலிருந்து கொட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் கறை. பக்கத்தில் ஒரு வெள்ளாடு பழச்சக்கையைத் தின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்தாள். பிறகு ஆட்டைப் பார்த்து, வெயில்ல வந்தா மொதல்ல ஒக்காரணும், செம்புல தண்ணி இருக்கு, எடுத்துக் குடிக்கணும், இதெல்லாமா சொல்லிக் குடுப்பாக என்றாள். உட்கார்ந்தேன். தண்ணீரைக் குடித்தேன். அப்போதுதான் தெரிந்தது. நாம் எதிரில் இருக்க நம்மை விட்டுவிட்டு ஆட்டிடம் பேசினால் எப்படி இருக்கும் என்று. மனுஷியாகவே இல்லாததுபோல இருந்தது. நல்ல வார்த்தைதான் சொன்னாள். அப்படியும் அப்படி இருந்தது.

முத்துராமன் மாமா கொல்லையிலிருந்து வந்தான். அவனுக்கு எப்படியாவது இது முடிய வேண்டும். “மீனா, நீ மாட்ட வைஞ்சத இது தன்னைய வைஞ்சதா நெனச்சுக்கிட்டு வந்துருச்சு. சின்னப் புள்ள. விடு, கூட்டிக்கிட்டுப் போ” என்றான். முத்துராமன் கெட்டிக்காரன். எல்லாருக்கும் கௌரவமாக ஒரு வழி திறந்துவிட்டான். நான் ஆமாம் என்றால் போதும், சாயங்காலப் பஸ்ஸுக்கு அவள் வந்திருப்பாள். செவந்தியின் கை நின்றது. ஆமாம் என்பதற்கு வாயைத் திறந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆட்டைப் பார்த்துச் சொல்லத்தான் முதலில் வந்தது. பிறகு அவள் பக்கம் திரும்பி, “செவந்தி, மாட்ட இல்ல. ஒன்னையத்தான் சொன்னேன்” என்றேன்.

மாமா எழுந்து உள்ளே போய்விட்டான். அவள் இரண்டு மூன்று பழம் திருகினாள். தலை நிமிராமல்தான் பேசினாள், ஆனால் என்னிடம் பேசினாள். “தெரியும் அயித்தை. எனக்கு இப்ப ரெண்டு மாசம். அன்னைக்குப் படுத்துருந்தது அதுக்குத்தான். இதுவும் தங்கலைன்னா என்ன பேச்சு வருமோன்னு யாருகிட்டயும் சொல்லலை, அவுககிட்டயும் சொல்லலை. பஸ்ஸு குலுங்கும், நாலு மாசம் போகட்டும், பெறகு வாரேன். ஆனா மாட்டுக்கிட்டப் பேசக் கூடாது. எதுன்னாலும் ஏங்கிட்டச் சொல்லுங்க. நானும் பதில் சொல்லுவேன். தாங்குவீங்களா?” எனக்குத் தெரியலை ஆத்தா என்றேன். அவள் சிரிக்கவில்லை. சாப்புட்டுப் போங்க என்று எழுந்து உலை வைத்தாள். தனிக்குடித்தனம் வேண்டுமா என்றும் கேட்டேன். அதைப் புள்ள பொறந்த பெறகு நானும் அவுகளும் பேசிக்கிறோம் என்றாள். நீயும் அதில் தலையிடாதே, நானும் தலையிடவில்லை. நாகராசு விஷயம் கேட்டு மறுநாளே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். லேடி டாக்டரிடம் காட்டப் புதுக்கோட்டைக்கு வாடகைக் கார் பேசியிருக்கிறான்.

உனக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். உன் பதினோரு பக்கத்தில் வாய்ச்சண்டை கிடையாது என்ற வரியை அடித்துவிடு. மார்க் போனாலும் சரி, டீச்சரிடம் அம்மாவே சொன்னாள் என்று சொல். இனி நீ எத்தனையோ வீட்டுக்குப் போய் நோட்டை விரிப்பாய். எங்கள் வீட்டில் சண்டையே இல்லை என்று சொல்லுகிற இடத்தில் யார் சொல்லுகிறார்கள் என்று பார், சொல்லும்போது யார் எழுந்து வேலையைப் பார்க்கப் போகிறார்கள் என்றும் பார். செவந்தி நீ கேள்வி கேட்ட மூன்று நாளும் அடுப்படியில் இருந்தாள். இன்னொன்று. எனக்குச் சொல்ல வேண்டியதை நீ அண்ணனுக்கு எழுதினாய், அவன் என்னிடம் காட்டுவான் என்று தெரிந்தே. உன்னைப் பெற்று வளர்த்தவள் நான், இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்க மாட்டேன். உனக்கு என்மேல் குறை இருந்தால் மீனம்மாள், அரிமளம் என்று விலாசம் போட்டு எழுது. தாங்குவேனா என்று தெரியாது. படிப்பேன்.

நல்லபடியாக இருந்து பரீட்சை எழுதி ஊர் வந்து சேர். நினைத்த படிப்பு கைகூடட்டும், போகிற வீடுகளிலெல்லாம் உன்னை நம்பிப் பேசட்டும். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்க்க மறக்காதே, மெட்ராஸ் தண்ணீரில் முடி கொட்டுகிறது என்றாயே, சீயக்காய் அனுப்பியிருக்கிறேன்.

உன் அம்மா,
மீனம்மாள்

இதை ஒட்டுவதற்கு முன் செவந்திக்கு ஒரு கார்டு எழுதினேன். இதுவரை அந்த வீட்டுக்கு எழுதியதெல்லாம் மாமா பெயருக்குத்தான். இது அவள் பெயருக்கு. போகும்போது அரிசிப் பானையைச் சரியாக மூடாமல் போய்விட்டாய், வண்டு விழுந்துவிட்டது, புடைத்து வைத்திருக்கிறேன், பதில் எழுது என்று எழுதினேன். போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன்.