கோப்பை வாங்கிய கை

அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் ஆசீர்வாதம் வேண்டி எலியேசர் எழுதுவது. உங்கள் ரத்த அழுத்தம் குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதீர்கள், ஆடும் பஸ்ஸில் எழுதுகிறேன்.

கல்லூரி பேஸ்பாலில் இந்த ஆண்டின் சிறந்த வீரன் விருது எனக்கே கிடைத்துவிட்டது! கடைசி ஆட்டத்தில் நூறு பந்து வீசியதும் போதும் என்றேன். பயிற்சியாளர் ஹாட்லி விடவில்லை. "இன்னும் மூணே பேரை அவுட் பண்ணுடா. விருதுக்கு ஓட்டுப் போடற பத்திரிகைக்காரங்க அந்த எண்ணிக்கையத்தான் பாப்பாங்க" என்றார். மூன்றாவது ஆளுக்கு வீசும்போது வலது முழங்கையில் ஏதோ சத்தம் கேட்டது. பெரிதாக ஒன்றும் இல்லை. டாக்டர் ஒரு வருஷம் ஓய்வு என்கிறார், அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஹாட்லி இப்போது என்னைக் கண்டால் மழையைப் பற்றி மட்டும் பேசுகிறார். அறைத் தோழன் காலேப், "சாம்பியனுக்கு ஷூ கயிறு கட்ட ஒரு ஆளு வேணுமாக்கும்!" என்று கிண்டலடித்துக்கொண்டே கட்டிவிடுகிறான்.

பொத்தான் இல்லாத சட்டை இரண்டு அனுப்புங்கள். பால் மிட்டாயும் வேண்டும், அதைச் சின்னத் துண்டுகளாக நறுக்கியே அனுப்புங்கள்.

விருது விழாவை டிவியில் மறுபடி போட்டால் அப்பாவைப் பார்க்க விடாதீர்கள். பத்து வருஷம் என் பந்தைப் பிடித்தவர் அவர். கோப்பையை எந்தக் கையால் வாங்கினேன் என்றுதான் முதலில் பார்ப்பார். இந்தக் கடிதத்தையும் அவர் கையில் கொடுக்காதீர்கள்.

காலேப் தபாலில் போடக் கிளம்பிவிட்டான், முடிக்கிறேன்.

அம்மா, இதை நான் பஸ்ஸில் எழுதவில்லை.

எலியேசர்