மேனேஜரும் கரிச்சட்டியும் கூடையில் போய் வந்தது

அன்பு மகளுக்கு,

உன் அப்பா எழுதுவது. முதலில் இந்தக் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள். கோடு போட்ட தாள்தான் வாங்கினேன், ஆனாலும் எழுத்துகள் கோட்டில் நிற்காமல் முதுகில் மூட்டை ஏற்றிய ஆள் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்கின்றன. சில இடத்தில் பேனா தாளைக் குத்திவிட்டது. மூட்டை தூக்கும் கொக்கி பிடித்துப் பழகிய கைக்குப் பேனாவை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று இன்னும் பிடிபடவில்லை. திங்கட்கிழமை ஆரம்பித்தேன், ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று எழுதுகிறேன், முடிக்கும்போது என்ன கிழமையோ தெரியாது. நானும் அம்மாவும் இரண்டு பூனைகளும் சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்பதை நீயே எழுதி அனுப்பு, நான் படித்துத் தெரிந்துகொள்கிறேன். போனில்தான் வாராவாரம் பேசுகிறோமே என்பாய். போன் அம்மா கையில் இருக்கிறது. நான் நல்லா இருக்கியாம்மா என்று கேட்டு முடிப்பதற்குள், குடுங்க இங்க, அவளுக்கு நேரமாகுது என்று பிடுங்கிக்கொள்வாள். உன்னிடம் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. அதற்குக் கடிதம்தான் தோது.

நூலகத்தின் பின்அறையில் சாயங்காலம் நான்கு மணிக்கு வகுப்பு என்று சொல்லியிருந்தேன் அல்லவா, எட்டு மாதம் ஒரு நாள்கூட விடாமல் போனேன். நம் தெருவுக்குத் தபால் கொண்டுவந்து ஓய்வு பெற்றவர்தான் வாத்தியார். முன்பெல்லாம் நமக்கு வந்த கடிதத்தை அவரே வாசலில் நின்று படித்துக் காட்டுவார். இத்தனை வருஷம் உங்க வீட்டு ரகசியமெல்லாம் எனக்குத்தான் முதல்ல தெரியும், இனிமே அந்தக் கொடுப்பினை போச்சு என்று என்னைக் கிண்டல் செய்கிறார். இப்போது எதைப் பார்த்தாலும் படிக்கிறேன், கடைப் பலகை, சோப்பு உறை, மருந்து அட்டை எதையும் விடுவதில்லை. நேற்று அம்மாவின் முட்டிவலித் தைலத்தில் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்று போட்டிருப்பதைச் சத்தமாகப் படித்தேன். சரி, அப்ப உங்க கைக்கு எட்டாம மேல வெச்சிடுறேன் என்றாள். எனக்குக் கோபமே வரவில்லை, படித்தது சரியாக இருந்ததே என்ற சந்தோஷம்தான்.

இனி உன் செல்லங்களின் கதைக்கு வருகிறேன். சாக்கடையிலிருந்து எடுத்து வந்தபோது உன் ஒரு உள்ளங்கையில் அடங்கிய இரண்டும் இன்று இந்த வீட்டின் சொந்தக்காரர்கள், நாங்கள் குடித்தனக்காரர்கள். மஞ்சள் பூனைக்கு மேனேஜர் என்று பெயர் வைத்துவிட்டாள் அம்மா. காலையில் எல்லா அறையையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, யாரும் சரியாக வேலை செய்யவில்லை என்ற முகத்தோடு என் நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொள்வான். ஆனால் எலி பிடிப்பதில் கெட்டிக்காரன். பிடித்த எலியைக் கொண்டுவந்து அம்மாவின் செருப்புக்குள் வைப்பான், என் செருப்புக்குள் ஒரு நாளும் வைத்ததில்லை. அவள் காலை விட்டு அலறினால், கணக்கு ஒப்படைத்தவன் மாதிரி உட்கார்ந்து பார்ப்பான். கறுப்பி இருக்கிறாளே, அவள் இப்போது கரிச்சட்டி. அவளுக்கு எலி பிடிக்காது, பறவைதான் வேண்டும். கழுத்தில் மணி கட்டினேன். இரண்டே நாளில் மணி ஆடாமல் நடக்கக் கற்றுக்கொண்டாள். நான் எழுத்துக் கற்றுக்கொள்ள எட்டு மாதம் ஆனதை நினைத்துப் பார். வயிறு நிறைய மீனும் பாலும் வைத்தாலும் இரண்டும் வேட்டைக்குப் போகின்றன. பசிக்காகப் போவதாக இருந்தால் வழி செய்யலாம், இது அவர்களுடைய குணம். உன் அம்மா உப்புப் போதாது என்று தெரிந்தும் இன்னும் ஒரு சிட்டிகை குறைத்துப் போடுவாளே, அதை யார் மாற்ற முடிந்தது.

நான் எழுதக் கற்றுக்கொண்டதும் நீ பதில் போடுவாய் என்று வாசல் சுவரில் இருந்த பழைய தகரத் தபால்பெட்டியைச் சுரண்டிப் பச்சை வர்ணம் அடித்தேன். வர்ணம் காய்ந்து ஒரு வாரம் ஆகவில்லை, ஒரு சிட்டுக்குருவி ஜோடி அதற்குள் குடி வந்துவிட்டது. அம்மாவுக்கு வந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமே. நீ போனதிலிருந்து சாப்பிட வா என்று கூப்பிட அவளுக்கு ஆள் இல்லை, என்னைக் கூப்பிடுவது வேறு கணக்கு. பதினோரு மணி ஆனால் கையில் தானியத்தோடு வாசலுக்குப் போய், வாங்க, வாங்க, ஆறிப்போகுது என்பாள். தானியம் எப்படி ஆறும் என்று கேட்டால் என்னை முறைப்பாள். முட்டை பொரிந்து கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்த அன்று தெருவில் போனவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்கச் சொன்னாள். மூன்றாம் நாள், பெட்டிக்குக் கீழே இருந்த செருப்பு அலமாரியில் கரிச்சட்டி படுத்திருந்ததை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. வாயில் புழுவோடு வந்த ஆண் குருவியை ஒரே தாவலில் பிடித்துவிட்டாள். பிடித்ததைக் கொண்டுவந்து அம்மா காலடியில் போட்டாள், அதுதான் கொடுமை. புழு இன்னும் அதன் வாயிலேயே இருந்தது. அம்மா திட்டவில்லை, அடிக்கவில்லை. உள்ளே போய்ப் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்து வைத்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். பிறகு, அந்தப் பொம்பளை ஒத்தையா எத்தனை வாய்க்கு இரை தேடும், இதுங்க ரெண்டும் இருந்தா அதையும் விடாதுங்க, கொண்டுபோய் உங்க கிடங்குல விட்டுட்டு வாங்க, அங்கதான் எலி ஏராளமா இருக்கே, நல்லாப் பொழைச்சுக்கும் என்றாள். நம்ம பிள்ளை ஒப்படைச்சுட்டுப் போனதாச்சே என்றேன். அவகிட்ட நான் சொல்லிக்கிறேன் என்றாள். அன்று மாலை போனில் உன்னிடம் எல்லாம் நல்லா இருக்கு என்றுதான் சொன்னாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, பேசி முடித்ததும் போனை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

போன வியாழக்கிழமை மூடி வைத்த மூங்கில் கூடையில் இரண்டையும் வைத்துக் கயிறு கட்டிக்கொண்டு இரண்டு பேருந்து மாறிப் போனேன். பேருந்தின் பலகையை யாரையும் கேட்காமல் நானே படித்து ஏறினேன், அந்தச் சந்தோஷத்தைக்கூட அனுபவிக்க முடியாதபடி மேனேஜர் வழி முழுக்கக் கத்திக்கொண்டே வந்தான். கரிச்சட்டியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை, கூடை இடுக்கு வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிடங்கு வாசலில் புதிய காவல்காரர். பழைய ஆள் என்று சொன்னதும் மரியாதையாக நாற்காலி போட்டார். விட்டுட்டுப் போங்க பெரியவரே, நாலு எலியாவது குறையும் என்றார். உள்ளே போனேன். அதே தானிய வாசனை, அதே தூசி. முப்பத்துநான்கு வருஷம் இங்கே மூட்டை தூக்கினேன். மூட்டை வாயைத் தைத்திருக்கும் நூலின் நிறத்தைப் பார்த்தே உள்ளே என்ன சரக்கு என்று சொல்வேன், எழுத்து எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. எடை மேடைக்குப் பக்கத்துச் சுவரில் சிவப்பு எழுத்துப் பலகை ஒன்று உண்டு. அதன் ஆணியில்தான் அத்தனை வருஷமும் தினம் என் சட்டையைக் கழற்றி மாட்டினேன். பழக்கத்தில் கூடையைக் கீழே வைத்துவிட்டு அதே ஆணியில் துண்டை மாட்டக் கையைத் தூக்கினேன். தூக்கிய கையோடு பலகையைப் படித்தேன். எதைப் பார்த்தாலும் படிக்கிற வழக்கம்தானே. எச்சரிக்கை. எலி மருந்து வைக்கப்பட்டுள்ளது. வளர்ப்புப் பிராணிகளை உள்ளே விடாதீர்கள். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தேன், தப்பாகப் படிக்கிறேனோ என்று மறுபடியும் படித்தேன். காவல்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆமா, மாசாமாசம் வெப்பாங்க, பலகை எனக்கு முன்னாடியிருந்தே இருக்கு, வர்ணம் மட்டும்தான் புதுசு என்றார். மருந்து தின்ன எலி உடனே சாகாது, தள்ளாடிக்கிட்டு நடக்கும், பூனைக்கு அதுதான் சுலபமா மாட்டும், போன பூனையும் அப்படித்தான் போச்சு, அதனால என்ன, இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும் என்றார். கெட்ட மனிதர் இல்லை, கூடையைத் திரும்பத் தலையில் ஏற்றிவிட்டதும் அவர்தான்.

மகளே, நான் உன்னிடம் தனியாகச் சொல்ல வந்தது இனிமேல்தான் இருக்கிறது. உனக்கு ஏழு வயதில் ஒரு வெள்ளைப்பூனை இருந்தது நினைவிருக்கும். அம்மா வளர்த்த கோழிக்குஞ்சைத் தின்றுவிட்டது என்று அதையும் நான்தான் அந்தக் கிடங்கில் கொண்டுபோய் விட்டேன். அங்கே எலி கொழுத்துக் கிடக்கிறது, ராணி மாதிரி இருக்கும் என்று உனக்குச் சொன்னேன். ஒரு மாதத்தில் அதைக் காணோம். நீ தினமும் நான் வேலை முடிந்து வரும்போது வாசலில் நின்று, இன்னிக்கு வந்துச்சாப்பா என்று கேட்பாய். ஒரு நாள் அலுத்துப்போய், பூனைக்கு நன்றி கிடையாது, ஓடிப்போச்சு, விடு என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. அது ஓடிப்போகவில்லை, மகளே. எலி மருந்து இருக்கிறது என்று அந்தக் கிடங்குச் சுவரிலேயே எழுதியிருந்தது, நான் அதன் மேல் சட்டையை மாட்டிவிட்டு வேலை பார்த்தேன். வேண்டுமென்று செய்யவில்லை என்று நீ சொல்வாய், எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு வாயில்லாத பிராணியை நன்றி கெட்டது என்று இத்தனை வருஷம் சொல்லி வந்தேனே, அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதனிடம் கேட்க முடியாது.

கூடையோடு திரும்பி வந்த என்னைப் பார்த்ததும் அம்மா சண்டைக்குத்தான் வாயெடுத்தாள். பலகையில் இருந்ததைச் சொன்னேன். மனப்பாடமாகவே சொன்னேன். ரெண்டும் இருக்குதில்ல என்று கேட்டபடி கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள், அவசரத்தில் முடிச்சு இறுகிவிட்டது, கடைசியில் கத்தியால் அறுத்தாள். மேனேஜர் வெளியே குதித்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு என் நாற்காலியில் படுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, குருவியும் இருக்கணும், இதுங்களும் இருக்கணும், வழியப் பாருங்க என்றாள் அம்மா. அன்றே செருப்பு அலமாரியை எடுத்து உள்ளே போட்டேன், பெட்டிக்குக் கீழே சுவரில் நகம் பிடிக்காதபடி வழவழப்பான தகரம் அடித்தேன். குஞ்சுகள் பறக்கும் வரை பூனைகளுக்குப் படுக்கை அறையில் சிறை. அவர்கள் கோபத்தைச் சொல்லி மாளாது. என் நல்ல சட்டையில் மூத்திரம் போயாயிற்று, தலையணை பஞ்சாகிவிட்டது. அம்மா கதவுக்கு வெளியே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே, கத்து, கத்து, செஞ்ச வேலைக்கு உனக்கு இதுவே ஜாஸ்தி என்று பதில் சொல்கிறாள், ஐந்து நிமிஷம் சத்தம் இல்லாவிட்டால், என்னங்க, உள்ள என்னாச்சு பாருங்க என்கிறாள். செவ்வாய்க்கிழமை நான் கதவைச் சரியாகச் சாத்தாமல் கரிச்சட்டி தப்பிவிட்டாள். ஆறு மாதமாகச் சுவரைப் பிடித்து நடக்கிற உன் அம்மா வாசல் வரை ஓடினாள். ஓடியே போய்ப் பிடித்துவிட்டாள். உன் முட்டி என்னாச்சு என்று கேட்டேன், அது அப்புறம் வலிச்சுக்கும் என்றாள். தாய்க்குருவி ஒற்றையாகவே மூன்றையும் வளர்த்துவிட்டது, இப்போது பெட்டி வாயில் மூன்று தலை எட்டிப் பார்க்கிறது.

தபால்காரர் தெரியாமல் ஏதாவது போட்டுவிடக் கூடாதே என்று நேற்று ஓர் அட்டை எழுதிப் பெட்டிமேல் கட்டினேன். உள்ளே குருவி குடியிருக்கிறது. கடிதத்தைக் கதவைத் தட்டிக் கையில் கொடுக்கவும். நாலு பேர் பார்க்கும்படி நான் எழுதிய முதல் எழுத்து அதுதான். பெரிய பெரிய எழுத்தாக எழுதி, எதிர் வீட்டுத் தையல்காரரை அவர் வாசலிலிருந்தே படிக்கச் சொன்னேன், படித்தார். இதில் எவரும் சட்டை மாட்டாதபடி ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டியிருக்கிறேன்.

இன்று வெள்ளிக்கிழமை. இதுவரை எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், ஒளித்து வைக்க நினைத்தேன், முடியவில்லை. உப்பு விஷயத்தை அடிக்கச் சொன்னாள், மையில் எழுதியது என்று சொல்லிவிட்டேன். வெள்ளைப்பூனை பற்றி வந்ததும், அத எழுதாதீங்க, தூரத்துல இருக்கிற பிள்ளை மனசு கஷ்டப்படும் என்றாள். அப்புறம் பூனைக்குட்டியைத் தடவிக்கொடுப்பது மாதிரித் தாளைத் தடவிவிட்டு, இல்ல, இருக்கட்டும், அவதானே தினம் வாசல்ல நின்னா என்றாள்.

வேளைக்குச் சாப்பிடு, ஆஸ்பத்திரி வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. பதில் எழுதும்போது பெரிய எழுத்தாக, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் எழுது, நான் யார் உதவியும் இல்லாமல் படிக்க வேண்டும். நீ நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுளோடு இருக்க நாங்கள் இருவரும் மனதார ஆசீர்வதிக்கிறோம். அடுத்த வாரம் கட்டாயம் எழுதுகிறேன், மூன்றில் எது முதலில் பறந்தது என்று அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவதாகப் பேச்சு. அவை போனதும் பெட்டியைத் துடைத்து வைத்து அட்டையை அவிழ்த்துவிடுவேன், அதற்குப் பிறகு அது உன் கடிதத்துக்கு.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடும்
உன் அப்பா