கறுப்பு வில்லையின் மேல் மிதந்த காந்தம்

மிதந்துவிட்டது மச்சான், நம் கறுப்பு வில்லைக்கு மேலே காந்தம் எதையும் தொடாமல் மிதந்தேவிட்டது, இன்று காலை, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்!

பிரிக்ஃபீல்ட்ஸில் புகை பறக்க ஐஸ்கிரீம் போடும் அண்ணன்தான் திரவ நைட்ரஜன் கொடுத்தார். வில்லையின் மேல் ஊற்றியதும் தாளிப்பு மாதிரி சடசடவென்று வெடித்து அடங்கியது. காந்தத்தை வைத்தேன். விழவில்லை. விரலால் தட்டினால் அந்தரத்திலேயே சுழல்கிறது. உடனே போனை எடுத்து உன் பெயரைத் தேடினேன். அப்புறம்தான் உறைத்தது.

கிள்ளான் துறைமுகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய நீ, கல்லூரிப் பக்கமே போகாத நான். இருவருக்கும் வாத்தியார் யூடியூப். முதலில் தங்க உப்பைக் கொதிக்கவைத்தோம், நினைவிருக்கிறதா? தங்கம் கண்ணுக்குத் தெரியாத துகளாகி, பச்சை வெளிச்சத்தை விழுங்கிவிட்டு, தண்ணீரைச் செக்கச்செவேல் என்று ஆக்கியது. "இத்தனை நாளா மஞ்சள்னு நம்மள ஏமாத்தியிருக்குடா" என்றாய். அந்த ஆட்டத்தில்தான் அடுத்தது சூப்பர்கண்டக்டர் என்று குதித்தோம். குளிரவைத்தால் தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும், காந்தத்தையும் மேலே மிதக்கவிடும் கறுப்புக் கல். இட்ரியம், பேரியம், தாமிரம், மூன்றையும் அரைத்து, சுட்டு, மெதுவாக ஆறவிட வேண்டும். நீ எங்கே ஆறவிட்டாய்? பாதியிலேயே உலையைத் திறப்பாய். ஆக்சிஜன் ஏற நேரமில்லாமல் ஒவ்வொரு தடவையும் வெறும் கல்தான் கிடைக்கும்.

பேரியம் தூள் விஷம். உன் அம்மா சமைக்கும் வீட்டுக்குள் அதை அரைக்கக் கூடாது என்று, உங்கள் பண்டமாரான் அடுக்குமாடி பிளாட்டின் நடைபாதையில்தான் எப்போதும் உட்காருவாய். முகத்தில் மாஸ்க், கையில் உறை, முன்னால் உரல், வெள்ளைத் தூள். யாரிடமும் மறைக்க உனக்கு எதுவும் இல்லை.

நீ கடைசியாக அரைத்த அந்த வாரம் பக்கத்து புளோக்கில் ஒரு பையன் சியாபு போதைத்தூள் எடுத்துச் செத்திருந்தான். விற்றவனைத் தேடிக்கொண்டிருந்த அக்கம்பக்கத்து ஆட்கள் படியேறி வந்தார்கள். என்ன அரைக்கிறாய் என்று கேட்டார்கள். நீ சந்தோஷமாகச் சொல்ல ஆரம்பித்தாய்.

"குளிர வெச்சா இதுக்கு மேல காந்தம் மிதக்கும், அங்கிள்."

"காந்தம் மிதக்குதாம். நாங்க என்ன முட்டாளாடா?"

முதல் அடி ஹெல்மெட்டால். உன் மாஸ்க்குக்குள் இரத்தம் நிரம்பி ஓரங்களில் வழிந்தது. இரும்புக் குழாய் உன் முதுகில் இறங்கிய சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. என்னை இரண்டு பேர் சுவரோடு அழுத்தி, கட்டை விரலை உடைத்தார்கள். ஒருவர் உரலைக் கவிழ்த்துத் தூளைக் கையில் அள்ளினார். தரையில் கிடந்த நீ தலையைத் தூக்கினாய்.

"தொடாதீங்க அங்கிள், விஷம். கைய கழுவுங்க."

விஷம் என்று அவனே சொல்லிவிட்டான் என்று யாரோ கத்தினார்கள். அதற்குப் பிறகு விழுந்ததெல்லாம் தலையில். ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறக்காமலேயே போய்விட்டாய்.

தூளில் போதைப்பொருள் இல்லை என்று பிறகு போலீஸே சொல்லிவிட்டது. அடித்தவர்கள் மீது வழக்கு நடக்கிறது. ஆனால் ஊர் அதைக் கேட்கவில்லை. வெட்டப்பட்ட ஒரு வீடியோதான் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நீ அடி வாங்குவது மட்டும், கீழே "சியாபு காய்ச்சியவன்" என்று எழுதி. உன் அம்மா காய்கறி வாங்க பாசார் போவதையே நிறுத்திவிட்டார். போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "உண்மைய சொல்லுய்யா, என் புள்ள அத செஞ்சானா?" இல்லை என்று சொன்னேன். நம்ப ஆசைப்பட்டார். முடியவில்லை.

அதனால்தான் இந்த முறை நான் உலையைத் திறக்கவில்லை. உடைந்த விரல் மடங்குவதில்லை, குழவியை உள்ளங்கையால்தான் பிடித்து அரைத்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் உன் மேல் கோபம் வந்தது. ஓடியிருக்கலாமே. பேசாமலாவது இருந்திருக்கலாமே. அவர்கள் கையைப் பற்றி உனக்கென்ன கவலை?

அந்த வீடியோ சுற்றும் அதே வாட்ஸ்அப் குழுக்களில்தான் இதைப் போடுகிறேன், மச்சான். இதைப் படிக்கிறவர்களே, ஞாயிறு மாலை அதே நடைபாதையில் காந்தத்தை மிதக்கவிடப் போகிறேன். வாருங்கள், அடித்தவர்கள் வீட்டு ஆட்களும் வாருங்கள். அன்று அங்கே நின்று போனைத் தூக்கிப் படம் எடுத்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வெட்டாத வீடியோ உங்களில் யாரிடமோ இருக்கிறது. கையைக் கழுவச் சொல்லும் அவன் குரல் அதில் இருக்கிறது. எனக்கு வேண்டாம். அவன் அம்மாவுக்கு அனுப்புங்கள்.